பெட்டகத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்: பழைய மரத் தளபாடத்தின் வயதையும் பெறுமதியையும் அறிய ஒரு வழிகாட்டி

பழைய சாமான் வாங்குகிறவர் ஒழுங்கைக்குள் வந்துவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது அரை மணி நேரம். படலையடியில் நின்றபடியே விறாந்தையை ஒரு சுற்றுப் பார்த்துவிடுவார். "அந்தச் சாய்மனைக் கதிரை உளுத்துப் போச்சு, ஆனாலும் எடுப்பம்" என்பார். வீட்டுக்காரருக்கும் அது இடத்தை அடைக்கிற சாமான்தான். பேரம் முடிந்து, கதிரை லொறியில் ஏறி, கயிறும் கட்டியாகிவிடும். அந்த அரை மணி நேரத்தில் அவர் பார்த்தது என்ன, வீட்டுக்காரர் பார்க்காமல் விட்டது என்ன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தாய்வழியாக, சீதன வீட்டோடு கைமாறி வந்த பெட்டகங்களும் அலுமாரிகளும் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. விற்பதென்றாலும் வைத்திருப்பதென்றாலும், கையில் இருப்பது என்னவென்று முதலில் தெரிய வேண்டும்.

எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் மட்டக்களப்பு நகரில் சிறிய பட்டறை வைத்திருந்த ஒரு பறங்கியர், போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்தவர். நான் அவரை அங்கிள் என்பேன். தச்சும் கொல்லும் மட்டக்களப்புப் பறங்கியர் பலருக்குப் பரம்பரைத் தொழில். போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628இல். ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638இல். கோட்டை கைமாறினாலும் உளியும் சீவுளியும் இந்த ஊரிலேயே தங்கிவிட்டன. நாம் தினமும் சொல்லும் கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். லாச்சி ஒல்லாந்தச் சொல். அந்தச் சொற்களின் வயதை வீட்டிலிருக்கும் கதிரைக்குக் கொடுத்துவிடக் கூடாது. "இது ஒல்லாந்தர் காலத்துக் கதிரை" என்று என்னிடம் காட்டப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் கடைசிக்கும் 1960களுக்கும் இடையில் உள்ளூர் ஓடாவிமாரோ பறங்கித் தச்சரோ செய்தவை. அதில் குறைவு ஒன்றும் இல்லை. அந்தக் கைவேலைக்கே நல்ல பெறுமதி உண்டு.

தொடங்குமுன்: துடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள்

இதை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்வதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். அம்மப்பாவின் எழுத்து மேசை எனக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. மேற்பலகை முழுக்க மைக் கறை. வலது கை ஊன்றிய இடத்தில் மட்டும் மரம் கண்ணாடிபோல் மினுங்கும். புதிதாக்கித் தருகிறேன் என்று மின்சார சாண்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒரு பின்னேரத்தில் எல்லாவற்றையும் தேய்த்துவிட்டேன். மேசை பளிச்சென்று மஞ்சளாக வந்தது. அங்கிள் வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் அந்த வலது கைப் பக்கத்தைத் தடவினார். பிறகு, "மனே, இதில இருந்த மனிசனைத் தேய்ச்சுப் போட்டியே" என்றார். அந்த மேசை இன்றும் என்னிடம் இருக்கிறது. அதன் வயதைக் காட்ட இனி மேற்பக்கத்தில் ஒரு சாட்சியும் இல்லை.

ஆகவே உலர்ந்த துணியால் தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள். தேவையான சாமான் கொஞ்சம்தான்: நல்ல டோர்ச், அளவு நாடா, பூதக்கண்ணாடி, சிறு காந்தம், கொஞ்சம் பஞ்சு, மெதிலேற்றட் ஸ்பிரிட், ஒரு கொப்பி. கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவு நாடா தெரியட்டும்.

முதற்படி: கவிழ்த்துப் பாருங்கள்

மேற்பக்கம் விருந்தாளிக்குக் காட்டச் செய்தது. தச்சர் தன் வேலையை மறைக்காமல் விட்டுவைத்தது அடிப்பக்கத்தில். கதிரையைப் பாயில் கவிழ்த்து வையுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்பலகையைப் பாருங்கள். பெட்டகத்தைச் சாய்க்க இரண்டு பேர் வேண்டும். மூடியைத் தனியாகத் தாங்கிக்கொள்ளாவிட்டால் பிணைச்சல் பிய்ந்துவிடும்.

டோர்ச்சைப் பலகைக்கு நேரே பிடிக்காமல், பக்கவாட்டில் படுக்கவைத்துப் பிடியுங்கள். அப்போதுதான் மேடுபள்ளம் நிழலாகத் தெரியும். கையால் சீவிய பலகையில் மெல்லிய அலைபோன்ற வரிகள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் நான்கு விரலையும் நாரின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள், விரலுக்குத் தெரியும். இயந்திரத்தில் இழைத்த பலகையில் ஒரே இடைவெளியில் சிறு சிறு குறுக்கு வரிகள் வரும்.

அடுத்தது வாள் அடையாளம். கிடங்கு வெட்டி, மேலே ஒருவரும் கீழே ஒருவரும் நின்று அரிந்த பலகையில் வரிகள் நேராக ஓடும். ஆனால் ஒன்றுக்கொன்று இடைவெளி ஒத்துப் போகாது. சாய்வும் இடையிடையே மாறும், ஏனென்றால் ஆட்கள் களைத்துப் போவார்கள், மூச்சு விடுவார்கள். வில்லைப்போல் வளைந்த வரிகள் தெரிந்தால் அது வட்டவாளால் அரிந்தது. வட்டவாள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்துதான் பரவலானது. ஆக, வளைந்த வரி உள்ள பலகை அதற்கு மிகவும் முந்தியதாக இராது. ஆனால் இதைத் திருப்பிப் போட்டு, "நேர்வரி இருக்கிறது, ஆகவே இருநூறு வருடப் பழசு" என்று சொல்லிவிடாதீர்கள். நம் பகுதியில் கையால் அரிவது 20ஆம் நூற்றாண்டிலும் நெடுநாள் நடந்தது. ஆங்கிலேய நாட்டுத் தளபாடத்துக்கு எழுதிய விதிகளை அப்படியே நம்மூர் வேலைக்குப் போட்டால் தவறும் இடம் இதுதான். ஓர் அடையாளம் "இதற்கு முந்தியது அல்ல" என்று உறுதியாகச் சொல்லும். "இதற்குப் பிந்தியது அல்ல" என்று அது சொல்வது அரிது.

மூன்றாவது, நிறம். பூச்சுப் படாத மரம் காற்றும் தூசியும் பட்டுப் பல ஆண்டுகளில் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்துக்கு வரும். அதைப் பார்ப்பதற்கு ஒரு நுட்பம் உண்டு. காற்றுப் படும் இடமும் படாத இடமும் ஒரே நிறத்தில் இருக்கக் கூடாது. கதிரையின் இருக்கைக்கடியில், குறுக்குச் சட்டம் மூடியிருந்த இடம் வெளிறியும் திறந்திருந்த இடம் கறுத்தும் இருந்தால் அது இயல்பு. எல்லா மூலையும் ஒரே கடும் பழுப்பென்றால் யாரோ தேயிலைச் சாயமோ கறைநிறமோ பூசியிருக்கிறார்கள்.

வட்ட மேசை இருந்தால் அளவு நாடாவை எடுங்கள். மரம் நாரின் நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்காது, குறுக்காகத்தான் சுருங்கும். பழைய, ஒட்டுப்பலகை இல்லாத வட்ட மேசையை நாரோடு ஒருமுறையும் நாருக்குக் குறுக்காக ஒருமுறையும் அளந்தால் குறுக்களவு சில மில்லிமீற்றர் குறைந்திருக்கும். கடைசல் காலிலும் இப்படித்தான். பூதக்கண்ணாடி இல்லாமலே விரலால் உருட்டிப் பார்த்தால் சரியான வட்டமாக இராது. நான்கு கடைசல் கால்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். கையால் கடைந்தவை அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும், இரட்டைப் பிள்ளைகள்போல் இரா.

லாச்சியை முழுவதும் வெளியே இழுங்கள்

அலுமாரியிலும் மேசையிலும் அதிகம் பேசுவது லாச்சி. வெளியே எடுத்து, முகப்புப் பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையைப் பாருங்கள். புறாவின் விரிந்த வால்போல் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று பூட்டியிருந்தால் அது புறாவால் மூட்டு. கையால் வெட்டியதென்றால் பற்கள் ஒன்று தடிப்பாகவும் ஒன்று மெலிவாகவும் இருக்கும். தச்சர் வெட்டுமுன் கூரான முனையால் கீறிய கோடு இன்னும் பக்கப்பலகையில் மெலிதாகத் தெரியும். அந்தக் கீறல் தென்பட்டால் எனக்கு எப்போதும் மனம் நிறைந்துவிடும். ஆள் இன்னும் அங்கேயே நிற்பது போலிருக்கும். எல்லாப் பற்களும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவென்றால் இயந்திர வேலை. வெறும் ஆணி அடித்து மூலையைச் சேர்த்திருந்தால் மலிவு வேலை, அல்லது பிற்காலத் திருத்தம்.

பிறகு லாச்சியின் பக்கப்பலகைக் கீழ்விளிம்பைப் பாருங்கள். அறுபது எழுபது ஆண்டு இழுத்து மூடிய லாச்சி அந்த இடத்தில் தேய்ந்து, பின்பக்கம் மெலிந்திருக்கும். அதற்குப் பொருத்தமாக உள்ளே ஓடும் சட்டத்திலும் பள்ளம் விழுந்திருக்க வேண்டும். ஒன்று தேய்ந்து மற்றது தேயாமல் இருந்தால் இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல.

தேய்மானத்தை எங்கும் இப்படி நியாயத்தோடு தேடுங்கள். கதிரையில் கால் வைக்கும் முன் குறுக்குச் சட்டம், கை ஊன்றும் கைப்பிடி நுனி, பின்னே சாயும்போது உரசும் பின்கால்களின் அடி, திறப்புத் துவாரத்தைச் சுற்றித் திறப்புக் கோர்வை ஆடி விழுந்த கீறல்கள். யாரும் கை வைக்காத இடத்தில் அழகாகத் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

பிரம்புக் கதிரை என்றால் இருக்கைச் சட்டத்தின் அடியைப் பாருங்கள். வரிசையாகத் துளையிட்டு, ஒவ்வொரு இழையாகக் கோர்த்துப் பின்னியிருந்தால் கைப்பின்னல். சட்டத்தில் ஒரு தவாளிப்பு ஓடி, பாய்போல் வந்த பின்னலை அதற்குள் அழுத்திக் குச்சி வைத்திருந்தால் பிற்கால முறை. பிரம்பு மாற்றப்பட்டிருப்பது குற்றமே இல்லை. பிரம்பு தேயும் பொருள். கதிரை உட்காரப் பயன்பட்டது என்பதற்கு அது அத்தாட்சி.

ஆணி, திருகாணி, பூட்டு

கொல்லர் அடித்த ஆணி நான்கு பக்கமும் கூம்பி வரும். தலை ஒழுங்கற்று, சுத்தியல் பட்ட தட்டையோடு இருக்கும். தகட்டிலிருந்து வெட்டிய ஆணி இரண்டு பக்கம் மட்டும் கூம்பும். இவை 19ஆம் நூற்றாண்டுக்கு உரியவை. இன்று கடையில் வாங்கும் உருண்டைக் கம்பி ஆணி அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து எங்கும் பரவியது. ஆணியைப் பிடுங்கிப் பார்க்க வேண்டியதில்லை. தலையும், சுற்றியுள்ள மரத்தில் துரு ஊறிய கறுப்பும் போதும். கடற்கரை ஓரத்தில் அந்தக் கறுப்பு விரைவாகவே வந்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

திருகாணிதான் எனக்குப் பிடித்த சாட்சி. ஒரே ஒரு திருகாணியை, அதுவும் பிணைச்சலில் உள்ளதை, மெதுவாகக் கழற்றுங்கள். கூர் இல்லாமல் மொட்டை நுனியோடு, தலையில் வெட்டு நடுவிலிருந்து சற்று விலகி இருந்தால் பழைய முறையில் செய்தது. கூரான நுனியுள்ள இயந்திரத் திருகாணி 1840களில் வந்தது. பேர்மிங்காமின் நெட்டில்ஃபோல்ட் நிறுவனத்தார் அமெரிக்கக் காப்புரிமையை வாங்கி 1854இலிருந்து பிரித்தானியாவில் பெருமளவில் செய்தார்கள். பிரித்தானிய ஆட்சியில் இருந்த இலங்கைக்கு இரும்புச் சாமானில் பெரும்பகுதி அங்கிருந்தே வந்தது. தலையில் நட்சத்திர வெட்டு உள்ள திருகாணி 1930களின் நடுப்பகுதிக்கு முன் இல்லை. அப்படி ஒன்று இருந்தால் தளபாடம் அதற்குப் பிந்தியது அல்லது பின்னால் திருத்தப்பட்டது. எதுவென்று அறிய, சுற்றிப் பழைய துளைகள் அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

சில பூட்டுகளின் முகத்தில் கிரீடமும் எழுத்தும் பொறித்திருக்கும். ஆங்கிலத்தில் 'வீ.ஆர்.' என்றிருந்தால் விக்டோரியா மகாராணி காலம், 1837 முதல் 1901 வரை. 'ஜீ.ஆர்.' என்றால் பெரும்பாலும் 1910க்குப் பிந்திய ஜோர்ஜ் மன்னர்கள். இது பூட்டின் வயது. பழைய பூட்டைக் கழற்றிப் புது அலுமாரிக்குப் போடுவது நம்மூரில் வழமை. இறக்குமதி இறுக்கமாக இருந்த 1970 தொடக்கம் 1977 வரையான காலத்து அலுமாரிகளில் அப்படிப் பலதைக் கண்டிருக்கிறேன். பூட்டு உட்கார்ந்த குழி அதன் அளவுக்கே வெட்டப்பட்டதா, அல்லது பெரிய குழிக்குள் சிறிய பூட்டு நிற்கிறதா என்று பார்த்தால் விளங்கிவிடும். காந்தத்தையும் இங்கேதான் எடுக்க வேண்டும். பித்தளையில் காந்தம் ஒட்டாது. பித்தளை முலாம் பூசிய இரும்பென்றால் டக்கென்று பிடிக்கும்.

கண்ணாடி பூட்டிய அலுமாரியா? சற்றுத் தள்ளி நின்று தலையை மெதுவாக அசையுங்கள். பிம்பம் நீரில் ஆடுவதுபோல் நெளிந்தால் பழைய தகட்டுக் கண்ணாடி. உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும், நெளிவே இல்லாத கண்ணாடி முறை அறிவிக்கப்பட்டது 1959இல்.

மரம் எது?

பெறுமதியில் பாதி இதற்குள் இருக்கிறது, ஆகவே அவசரப்படாதீர்கள். பூச்சு இல்லாத இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

முதிரை நம் வரண்ட காட்டின் பொன். இளமஞ்சளிலிருந்து பொன்னிறம். டோர்ச்சை அசைக்கும்போது பட்டுத்துணிபோல் பட்டைகள் ஒளி மாறி ஓடும். பாரம் அதிகம், முதிரைக் கதிரையை ஒற்றைக் கையால் தூக்கும்போதே தெரிந்துவிடும். கருங்காலி கறுப்பு, அதன் வைரத்தில் (முற்றிய நடுமரத்தில்) ஒரு சிராம்பு தண்ணீரில் போட்டால் தாழும். இலங்கையில் கருங்காலி வெட்டத் தடை இருக்கிறது, ஆகவே "புதுக் கருங்காலி" என்று யாராவது விற்றால் கேள்வி கேட்க வேண்டும். பல "கருங்காலி" மேசைகள் வேறு மரத்தில் கறுப்புச் சாயம் ஏற்றியவை. அடியில் ஒரு கீறல் வழியே வெள்ளையோ பழுப்போ எட்டிப் பார்த்தால் விடயம் முடிந்தது. தேக்கில் எண்ணெய்ப் பிசுபிசுப்பும் தோல் போன்ற ஒரு வாடையும் உண்டு. பலா, அரிந்த புதிதில் நல்ல மஞ்சள். ஆண்டுகள் போகப் போகத் தேன்நிறமாகி, பின் ஆழ்ந்த பழுப்பாகும். நூறு வருடப் பலாவையும் தேக்கையும் மேற்பக்கம் மட்டும் பார்த்துப் பிரிப்பது கடினம். லாச்சிக்குள் மூக்கை வைத்துப் பாருங்கள். வேம்பு செம்பழுப்பு, நார் முறுக்கி ஓடும். சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் மரம் ஆங்கிலேயருக்கு 'திருக்கோணமலை மரம்'. சென்னையில் அலை தாண்டிக் கரை சேரும் மசூலாப் படகு கட்டவும் அது போனது.

ஒட்டுப்பலகைப் பின்பலகை, மேற்பலகையில் போமைக்கா என்னும் பிளாஸ்டிக் தகடு, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை. இவை கண்ணில் பட்டால் காலம் தானாகவே நம் பக்கம் நகர்ந்துவிடும்.

வைரத்தையும், அதைச் சுற்றியுள்ள இளமரமான வெள்ளையையும் பிரித்துப் பாருங்கள். உளுத்தது வெள்ளைப் பக்கம் மட்டுமென்றால் பொருள் இன்னும் நிற்கும். உளுத் துளை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வட்டமாக இருக்கும், உள்ளே கோணல்மாணலாக ஓடும். அந்தச் சுரங்கம் பிளந்து மேற்பரப்பில் வாய்க்கால்போல் தெரிந்தால், உளுத்த பழைய பலகையை எடுத்துப் புதிதாக அரிந்து செய்திருக்கிறார்கள். துளையடியில் மாவுபோல் இளநிறத் தூள் புதிதாக விழுந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை மற்றச் சாமானுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

மேற்பூச்சு

மறைவான இடத்தில், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு விரல்நுனி அளவு வைத்து எடுங்கள். பிசுபிசுத்துப் பழுப்பு பஞ்சில் ஏறினால் அது அரக்கைக் கரைத்துப் பூசிய பிரெஞ்சுப் பொலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் 1920களுக்குப் பிந்திய லக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் அதற்கும் பிந்திய பொலியூரித்தேன் வார்னிஷ். நல்ல பழைய அரக்குப் பூச்சு இருக்கும் பொருளை வார்னிஷ் அடித்து மினுக்குவது அதன் விலையில் பெரும் பங்கைக் கழுவிவிடும்.

வடிவத்தைக் கடைசியில் பாருங்கள்

படங்களைப் பார்த்து வடிவம் சொல்லுவது எல்லோருக்கும் ஆசை. ஆனால் வடிவத்தை எவரும் எந்தக் காலத்திலும் திரும்பச் செய்யலாம், ஆகவே அது கடைசிச் சாட்சி. வட்ட இருக்கை, ஆறு கால், பிரம்புப் பின்னல், வளைந்த சாய்வு கொண்ட 'பர்கோமாஸ்டர்' கதிரை ஒல்லாந்தர் கால வடிவம். பித்தளைத் தகடு பதித்த பெரும் பெட்டகங்களும் அப்படி. உண்மையானதைக் கண்ணால் கண்டு பழக வேண்டுமென்றால் கொழும்பு புறக்கோட்டையில் 1982இல் திறந்த ஒல்லாந்தர் நூதனசாலைக்குப் போய் ஒரு நாள் நில்லுங்கள். வளைத்த மரக் கதிரைகளில் பலவற்றின் மூலம் தொனெட் நிறுவனத்தின் 1859ஆம் ஆண்டு 14ஆம் இலக்கக் கதிரை. ஆறு மரத் துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு, அவ்வளவே. அதன் முத்திரையை இருக்கை வளையத்தின் உட்புறத்தில் தேடுங்கள். மூலை உருட்டிய, படிபோல் இறங்கும் கண்ணாடி அலுமாரி 1930, 40களின் இரசனை. கூம்பி வெளிப்புறம் சரிந்த கால்கள் 1950, 60கள்.

புயலும் கடலும் விட்ட அடையாளம்

இது நம் மாவட்டங்களுக்கே உரிய படி. அலுமாரியின் கால்களிலும் பின்பலகையிலும் ஒரே உயரத்தில் ஓடும் மங்கிய கோட்டைத் தேடுங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 டிசம்பர் 26 கடற்கோள், அடிக்கடி வரும் மாரி வெள்ளம் எல்லாம் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கின்றன. கடல் நீர் ஊறிய மரத்தில் ஆணியைச் சுற்றிக் கறுப்பு விரிந்து, மூட்டுகளில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். பசை விட்டிருக்கும். வியாபாரிக்கு இது குறை. விலையைக் குறைத்துக் கேட்பார். மூட்டு இளகியிருக்கிறது என்றால் அவர் சொல்வது நியாயம். மூட்டு இறுக்கமாக, கோடு மட்டும் இருந்தால் அது நியாயமில்லை. கல்லடியிலும் நாவலடியிலும் மருதமுனையிலும் வீடே போய் ஒரு பெட்டகம் மட்டும் மிஞ்சிய குடும்பங்கள் இருக்கின்றன. அந்தக் கோட்டைத் தேய்த்து எடுக்க என்னிடம் கொண்டுவந்தால் நான் மறுத்துவிடுவேன்.

சோடி சேராதவை

மேல் ஒன்றும் கீழ் ஒன்றுமாகச் சேர்த்த அலுமாரி, வேறு கதிரையின் சாய்வை வாங்கிய கதிரை. இவற்றைப் பிடிக்க மேலே சொன்ன எல்லாவற்றையும் இரண்டு பகுதியிலும் தனித்தனியே செய்யுங்கள். மரம், வாள் அடையாளம், பின்பலகை நிறம், மூட்டு நான்கும் ஒத்துப் போக வேண்டும். இரண்டு ஒத்து இரண்டு ஒத்துவராவிட்டால் சேர்த்தது.

பெறுமதி: மூன்று விலை

ஒவ்வொரு பழைய தளபாடத்துக்கும் மூன்று விலை உண்டு. மூன்றையும் கொப்பியில் எழுதிய பிறகுதான் வாய் திறக்க வேண்டும்.

முதலாவது மர விலை. நம்மூர் மரக்காலைகளில் கணக்கு கன அடியில். அடியில் நீளம், அங்குலத்தில் அகலம், அங்குலத்தில் தடிப்பு மூன்றையும் பெருக்கி 144ஆல் பிரித்தால் கன அடி. எங்கள் வீட்டுப் பெட்டகத்தையே எடுங்கள்: நான்கு அடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், ஒரு அங்குலப் பலகை. ஆறு பக்கமும் சேர்ந்து 40 சதுர அடி. பன்னிரண்டால் பிரித்தால் ஏறத்தாழ 3.3 கன அடி. மரக்காலைக்கு அழைத்து அந்த மரத்தின் அந்த வார விலையைக் கேட்டுப் பெருக்குங்கள். இதற்குக் கீழே யாராவது கேட்டால் அவர் பெட்டகத்தை வாங்கவில்லை, பலகையைக்கூட முழு விலைக்கு வாங்கவில்லை.

இரண்டாவது, செய்விலை. காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ நம்பிக்கையான ஓடாவியார் ஒருவரிடம் படத்தைக் காட்டி, "இதே மரத்தில் இதே மூட்டோடு செய்ய எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். கூலியைக் கேட்டபின்தான் பழையதில் எவ்வளவு உழைப்புக் கிடக்கிறது என்று விளங்கும்.

மூன்றாவது, தேடி வாங்குகிறவர் கொடுக்கும் விலை. இதைக் கூட்டுபவை: பிரிக்காத மூல மூட்டு, மூலப் பூச்சு, சொந்தப் பூட்டும் திறப்பும், முழுத் தொகுதி (ஆறு கதிரை ஒன்றாக இருப்பதன் விலை, தனித் தனியாக ஆறு கதிரையின் விலையைவிட அதிகம்), யார் வீட்டிலிருந்து வந்தது என்ற நம்பகமான வரலாறு. குறைப்பவை: தேய்த்தது, வார்னிஷ், மாற்றிய கால், உயிருள்ள வண்டு, இன்றைய வீட்டு வாசலுக்குள் நுழையாத பருமன். கடைசியது சின்ன விடயமாகத் தெரியும், ஆனால் ஏழடி அலுமாரியின் விலையை அதுவே விழுத்தும். வயது மட்டும் விலையைத் தராது. 1950களின் நல்ல முதிரை எழுத்து மேசை, அதைவிட எண்பது ஆண்டு மூத்த, நான்கு முறை திருத்திய கதிரையைவிட அதிகம் போகலாம்.

குறைந்தது மூன்று பேரிடம் கேளுங்கள், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லாதீர்கள். அன்றே விற்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்புவதென்றால் கப்பல்காரரிடம் போகுமுன் தொல்பொருள் திணைக்களத்திடம் போங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி தொல்பொருளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது.

இனி ஒன்றே ஒன்று மிச்சம். கண்டவற்றை ஒரு தாளில் எழுதி லாச்சியின் அடியிலோ மூடியின் உட்புறத்திலோ வையுங்கள். பசை பூசாமல், சிறு உறையில் போட்டு நூலால் கட்டினால் போதும். வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்: யாருக்கு யார் கொடுத்தது, எந்த ஊரில் செய்தது, எந்த வருடம் எங்கே இடம்பெயர்ந்தது, எது மாற்றப்பட்டது. எங்கள் பெட்டகத்தில் இருக்கும் தாள் இப்படி:

"முதிரை. மூடி மட்டும் பலா. அம்மம்மாவுக்கு அவரின் தாய் சீதனமாகக் கொடுத்தது. கைவெட்டுப் புறாவால் மூட்டு, மொட்டைத் திருகாணி நான்கு, கூரானது இரண்டு. பூட்டு வீ.ஆர். அடிப்பலகை 78 புயலுக்குப் பிறகு மாற்றியது. இடது பக்கக் கோடு சுனாமித் தண்ணீர். திறப்பு இல்லை, 1990இல் ஓடும்போது அம்மம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்தார், வாழைச்சேனைக்குப் போய்ச் சேரும்போது காணவில்லை."